மலையிறங்கி வந்தவருக்கு முதலில் என்ன செய்வது?

போடிநாயக்கனூரில் ஊரைவிட்டு ஓடிவந்தவரைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு வந்தால் போதும். தூக்குவாளியும் கையுமாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களில் சிலர், 2011 டிசம்பரில் அதே மலையிலிருந்து உடுத்திய துணியோடு இறங்கி வந்தவர்கள். முல்லைப் பெரியாறு அணை பற்றித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இருந்த தகராறு முற்றிய அந்த மாதம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தேனி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரோட்டில் போகப் பயந்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டு வழியாகத் தேவாரம், போடி பக்கம் இறங்கியவர்கள் உண்டு. மலைக்கு இந்தப் பக்கம் கடையும் தோட்டமுமாக இருந்த மலையாளக் குடும்பங்களுக்கும் அதே மாதம் அதே பயம்தான். தகராறு ஓய்ந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. ஓடிவந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைப்புக்காக அதே மலைக்குத் திரும்ப ஏறினார்கள். பயத்தை எங்கே இறக்கிவைப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதோடு முடிந்துவிடவும் இல்லை. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காகப் பாதைகள் அடைபட்டபோது, கேரளத்துத் தோட்டத்திலிருந்து காட்டு வழியாக ராசிங்காபுரத்துக்கு நடந்து வந்தவர்களில் சிலர் காட்டுத்தீயில் மாட்டி இறந்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை மூடியது. இறந்த 70 பேரும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்றே சொல்லலாம். இதற்கெல்லாம் முந்தியது இலங்கைக் கதை. 1983 ஜூலைக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களில் 50,000க்கும் மேற்பட்டோர் இன்றும் தமிழ்நாட்டின் நூற்றுச் சொச்சம் முகாம்களில் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்திலும் முகாம் உண்டு. 2021இல் அரசு அவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் நடந்தது வேறு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரராக, ஆசிரியராக, கங்காணியாக, ஜீப் டிரைவராக, சொந்தக்காரராக நீங்கள் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதவிக்குப் போகிறவர்கள் முதலில் செய்வது, “என்ன நடந்துச்சு, சொல்லு தாயி” என்று கேட்பது. நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அழுது தீர்த்தால் பாரம் இறங்கும் என்று நம்புகிறோம். ஆனால் சம்பவம் நடந்த கையோடு ஒருவரை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது. அதனால் பலன் இல்லை. சிலருக்குக் கெடுதலும் உண்டு. அந்த நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது. யாருக்கு அவசரம் என்று பார்ப்பது. அவராகச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. அவருக்குத் தேவையானது எங்கே கிடைக்குமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதற்குப் படிப்பு தேவையில்லை. பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஆட்களைத் தங்கவைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ராத்திரி மனநல உதவி என்பது குடிதண்ணீர், தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ், அதற்குப் போகிற வழியில் ஒரு விளக்கு, போன் சார்ஜ் போட நாலைந்து பிளக். மாதவிலக்குத் துணி கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்காமலே ஒரு பெண் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரே லயத்தில் இருந்தவர்களைப் பக்கம் பக்கமாகப் பாய் விரிக்க விடுங்கள். வரிசை நம்பர் போட்டுப் பிரித்துவிடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வேறு மண்டபத்துக்கு அனுப்பாதீர்கள். ஒருவருக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். கால் இரண்டையும் தரையில் ஊன்றவையுங்கள். இது எந்த இடம், கண்ணுக்கு முன்னால் என்னென்ன தெரிகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லப் படபடப்பு இறங்கும். நெஞ்சு வலி இடது கைக்குப் பரவினாலோ வியர்த்துக் கொட்டினாலோ அதை மனசின் மேல் போடாமல் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று, வதந்தி. ஓடிவந்தவர்கள் கூடியிருக்கிற இடத்தில் ஒரு போனில் வருகிற வீடியோ அத்தனை பேரின் தூக்கத்தையும் கெடுத்துவிடும். காலையிலும் சாயங்காலமும் பொறுப்பான ஒருவர் நின்று, கலெக்டர் ஆபீஸ் சொன்னது இது, பஸ் நிலவரம் இது, தெரியாதது இது என்று சத்தமாகச் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். “எல்லாம் சரியாப் போயிரும்” என்கிற வார்த்தையை அவர்கள் நம்பப் போவதில்லை. அப்புறம் நீங்கள் சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டார்கள். அரிசி கொடுக்கும்போது போட்டோ எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். நேற்றுவரை தன் உழைப்பில் சாப்பிட்டவரை இன்று கையேந்தும் படமாக்கி ஊருக்கு அனுப்புவது அவர் மேல் விழுகிற இரண்டாவது அடி.

சொல்லக்கூடாத வார்த்தைகள் சில உண்டு. “மறந்துரு.” “உசுரோட வந்தியே, அதுவே பெருசு.” “அவங்களுக்கு வந்ததைப் பாத்தா உனக்கு வந்தது ஒண்ணுமே இல்ல.” இவையெல்லாம் ஆறுதல் போலக் கேட்கும், உள்ளே போய் வாயை அடைத்துவிடும். பதிலுக்கு, “நான் இங்கனதான் இருக்கேன், இப்ப உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டுப் பாருங்கள். போன் பேச வேண்டும், பிள்ளைக்குப் பால் வேண்டும், கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும், இப்படித்தான் பதில் வரும். அதைச் செய்து கொடுங்கள். கதை வர வேண்டிய நாளில் தானாக வரும். அன்றைக்கு நடுவில் புகுந்து புத்தி சொல்லாமல் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா 2011இல் இறங்கி வந்தவர். இன்றும் தலைமாட்டில் ஒரு மஞ்சப்பை வைத்துத்தான் படுக்கிறார். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் டி.சி., ஒரு சேலை, ஒரு டார்ச் லைட். கரண்ட் போனால் அவர் கை முதலில் அந்தப் பையைத்தான் துழாவும். ஜீப்பில் பின்னால் கடைசியில்தான் உட்காருவார், சட்டென்று குதித்து இறங்க வசதியாக. “இன்னும் எதுக்குத்தா இந்தப் பையக் கட்டிக்கிட்டு அழுகிற” என்று மகன் ஒருநாள் அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மருமகள்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். பையை இறக்கிக் கொடுத்து, காகிதங்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒரு செட்டைத் தங்கச்சி வீட்டில் வைத்து, போனிலும் ஏற்றிக் கொடுத்தார். பை இன்னும் தலைமாட்டில் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் எழுந்து தொட்டுப் பார்ப்பது குறைந்திருக்கிறது. ஒருமுறை எல்லாம் பறிபோனவர் மறுபடி பறிபோகாமல் இருக்கச் செய்கிற ஏற்பாட்டை நோய் என்று சொல்லக் கூடாது. அந்த ஏற்பாட்டாலேயே வேலைக்குப் போக முடியவில்லை, வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை என்கிற நிலை வந்தால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போனாலும் நம் ஆட்கள் மனசு சரியில்லை என்று சொல்வதில்லை. “உடம்பு முடியல”, “தலை பாரமா இருக்கு”, “கைகால் குடைச்சல்”, “நெஞ்சு படக்குப் படக்குங்குது”, “சோறு எறங்கல” என்றுதான் சொல்கிறார்கள். ஒரு ஊசி, ஒரு குளுக்கோஸ், நாலு மாத்திரையோடு திரும்பி வந்து, அடுத்த வாரம் மறுபடி போகிறார்கள். துணைக்குப் போகிறவர் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் வைத்தியமே மாறும்: “டாக்டர், இவங்க ஊர விட்டு வந்தவங்க, அதுலேருந்து சரியாத் தூங்குறதில்ல.”

இங்கே ஏலமலைக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, வாயில் எச்சில் ஊறுதல், வியர்வை, கண் மங்கல், கை நடுக்கம் எல்லாம் ஏலத்தோட்டத்தில் அடிக்கிற பூச்சி மருந்தாலும் வரும். அதனால் இதை மனக்கவலை என்று முடிவு கட்டுமுன், தோட்டத்தில் கடைசியாக மருந்து அடித்தது எப்போது, அன்று இவர் வேலைக்குப் போனாரா என்று கேளுங்கள். ரத்தசோகையையும் தைராய்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடச் சொல்லுங்கள். உடம்பைச் சரியாகப் பார்க்காமல் மனசின் மேல் பழி போடுவதும் தவறுதான்.

அடிபட்டு வந்த எல்லோருக்கும் மனநோய் வரும் என்று நினைக்க வேண்டாம். போரும் கலவரமும் கண்ட இடங்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது மற்ற நான்கு பேர், வேலையும் வீடும் உறவும் திரும்பக் கிடைத்தால், பெரும்பாலும் தாமாகவே தேறுகிறார்கள். முதல் சில வாரங்களுக்குத் தூக்கமின்மை, திடுக்கிடல், அழுகை, எரிச்சல் எல்லாம் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வருகிறது, ஜீப் ஹாரன் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடுகிறது, அந்த ரோட்டுப் பக்கமே போக முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பிடித்ததில்கூட நாட்டமில்லை, சாப்பாடு தூக்கம் இரண்டும் குலைந்துவிட்டது, “நான் இருந்து என்ன” என்கிற பேச்சு இரண்டு வாரம் தொடர்கிறது என்றாலும் அப்படியே. தனக்குத்தானே பேசுவது, காதில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்லி வீட்டாரையே சந்தேகப்படுவது, இதற்கெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

ஆண்கள் அழுவதில்லை, குடிக்கிறார்கள். தூக்கம் வர ஒரு குவார்ட்டர் என்று தொடங்குவது, சம்பளம் முழுக்கக் கடைக்குப் போய், வீட்டில் அடிதடியாக முடிகிறது. அவரைத் திட்டுவதற்கு முன்னால், எதை மறக்கக் குடிக்கிறார் என்று நிதானமாக இருக்கிற ஒரு காலை நேரத்தில் கேளுங்கள். அடி வாங்குகிற பெண்ணுக்கு அவருடைய கஷ்டம் பதிலாகாது. அவளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

பெட்டிமுடியில் நாலு பேருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. இலங்கையில் காணாமல்போனவர்களின் குடும்பங்கள் இப்படித்தான் வருடக்கணக்காகக் காத்திருக்கின்றன. உடலைப் பார்க்காத சாவு மனசுக்குச் சாவாகப் பதிவதில்லை. கதவு தட்டினால் அவர்தானோ என்று இருக்கும். அந்த வீட்டுக்குப் போய், “இன்னும் எத்தனை நாளைக்கு? காரியத்தைப் பண்ணிமுடி” என்று நெருக்காதீர்கள். “கண்டிப்பா வந்துருவாரு” என்றும் சொல்லாதீர்கள். இரண்டையும் சேர்த்து மனசில் வைத்திருக்க அவர்களுக்கு இடம் கொடுங்கள். போட்டோவுக்கு விளக்கேற்ற வேண்டும் என்றால் ஏற்றட்டும். மாலை போட மனசில்லை என்றால் போட வேண்டாம். அவர் காணாமல்போன தேதி வருகிற வாரத்தில் மட்டும் அவர்களைத் தனியாக விடாதீர்கள். பொழுதோடு ஒரு குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இறப்புச் சான்றிதழ், நிவாரணத் தொகை போன்ற காகித வேலைக்கு ஆள் தேவைப்படும். அதில் கூட நிற்பதும் துக்கத்தில் கூட நிற்பதுதான்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம்தான் முதல் மருந்து. டி.சி. இல்லை, பாதி வருடம் போய்விட்டது என்று சொல்லாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையாள வழியில் படித்த பிள்ளை தமிழில் தடுமாறினால் அது மக்குத்தனமில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளை திரும்பப் படுக்கையை நனைக்கலாம், தாயின் முந்தானையை விடாமல் இருக்கலாம், மண்ணைச் சரித்து வீட்டை மூடும் விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடலாம். அடிக்கவோ கேலி செய்யவோ கூடாது. ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே இடத்தில் தூக்கம், சாயங்காலம் விளையாட்டு இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். பேச்சே நின்றுபோன பிள்ளையை மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள். பெரியவர்கள் நடந்ததைப் பேசும்போது பிள்ளை தூங்குகிறது என்று நினைக்க வேண்டாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்களின் கஷ்டத்தை இதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற தலைமுறை இருக்கிறது. இலங்கையைப் பார்த்ததே இல்லை. இந்தியாவில் குடியுரிமையும் இல்லை. கல்லூரியில் படித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிற பையனுக்கு நடந்து முடிந்த குண்டுவீச்சைவிட நடக்காமலே இருக்கிற நாளைதான் பாரம். இந்தச் சோர்வை மாத்திரையால் மட்டும் தீர்க்க முடியாது. வேலை கொடுக்கிறவர் மற்றவருக்குக் கொடுக்கிற அதே கூலியைக் கொடுத்தால், வங்கிக்காரர் முகாம் அட்டையைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தால், ஆசிரியர் வகுப்பில் ‘அகதிப் பிள்ளை’ என்று அடையாளம் சொல்லாமல் இருந்தால் அது சிகிச்சையில் பாதி. 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்விக்கும் ஆற்றுப்படுத்தலுக்கும் முகாம் மக்களையே பழக்கியது. போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் ஒன்றையொன்று நம்புகிற பழக்கமும் சேர்ந்தே அடிபடுகிறது என்று தொடர்ந்து எழுதிவந்தவர். ஆகவே ஊர்க்காரியங்களில் அவர்களைச் சேர்த்துக்கொள்வதும் வைத்தியம்தான். வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிற கூட்டத்தில் அவர்களுக்கும் இடம் கொடுங்கள். மகளிர் குழுவில், பள்ளி மேலாண்மைக் குழுவில், பந்து விளையாடுகிற பையன்களின் டீமில் கூப்பிட்டுச் சேருங்கள்.

தற்கொலை பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. சென்னையில் 1986இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு இருந்தவர்களும் இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு வேலை செய்தார்கள். முகாமில் இருப்பவர்களையே தொண்டர்களாகப் பழக்கி, ஆபத்தில் இருக்கிறவரை அடிக்கடி போய்ப் பார்த்துப் பேசவைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மனசு எப்படி மாறும்போது ஜாக்கிரதையாக வேண்டும், அப்போது தானாக என்ன செய்துகொள்ளலாம், யாரைக் கூப்பிடலாம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதிய அட்டை. இப்படிச் செய்யாத முகாமோடு ஒப்பிட்டபோது தற்கொலை முயற்சிகள் நன்றாகக் குறைந்திருந்தன. ஆய்வு 2017இல் வெளியானது. பெரிய மருத்துவமனையோ விலை கூடிய மருந்தோ இதில் இல்லை. போய்ப் பார்த்துக்கொண்டே இருந்ததுதான் மருந்து. இதைப் போடியில் எந்த மகளிர் குழுவும் செய்யலாம்.

சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை. கேட்ட பிறகு பலருக்கு மூச்சு விட்டாற்போல இருக்கும். “ஆமா” என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள், சத்தியம் வாங்கிக்கொண்டு எழுந்து போகாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வீட்டிலும் லயத்திலும் இருக்கிற பூச்சி மருந்தை அன்றே அப்புறப்படுத்துங்கள்.

இந்தக் கடைசி வார்த்தையை அழுத்திச் சொல்கிறேன். சாக வேண்டும் என்கிற வேகம் பலருக்கும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் விஷம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் இதே லட்சுமி விஜயகுமாரின் குழு, விவசாயிகள் மருந்து டப்பாக்களை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டிவைக்கிற பெட்டக அறைகளை அமைத்துக் கொடுத்தது. ஒரு சாவி விவசாயியிடம், இன்னொன்று பொறுப்பாளரிடம். ஊர்க்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஏலத்தோட்டத்தில் வருடம் முழுக்க மருந்து புழங்குகிறது. லயத்து வீட்டின் அடுப்படி மூலையில் பாதி டப்பா கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

யாராவது பூச்சி மருந்தைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மருந்து கொட்டிய துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு 108இல் ஏற்றுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்று தாமதிக்க வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை.

எங்கே போவது? முதலில் போடி அரசு மருத்துவமனை. அடுத்து, தேனியை அடுத்த கானாவிலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எங்கே வருகிறார் என்று சொல்வார்கள். சீட்டும் மாத்திரையும் இலவசம். கூலி போகுமே என்றுதான் பலர் போவதில்லை. ஆகவே வேலை இல்லாத நாளைத் தேர்ந்து, துணைக்கு ஒருவர் போங்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம், காசில்லை. மலையில் கேரளப் பக்கம் தங்கி வேலை பார்க்கிறவர்களும் இதே எண்ணைக் கூப்பிட்டுத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து இப்போது ஏலத்தோட்டத்துக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் இந்த எண்ணைச் சொல்லுங்கள். அவர்கள் மொழியிலும் பேச ஆள் உண்டு. தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 என்ற உதவி எண்களும் இருக்கின்றன.

மாத்திரை பற்றி இரண்டு விஷயம். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் பிடிக்கும். நாலு நாள் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விடக் கூடாது. சரியாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது. அது பழக்கமாகிவிடும் மருந்து இல்லை. பழக்கமாகக்கூடியது தூக்க மாத்திரை. அதை மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

கோடாங்கியிடமோ, கோயிலுக்கோ, தர்காவுக்கோ போக வேண்டும் என்று வீட்டார் நினைத்தால் சண்டை போட வேண்டாம். துண்ணூறு போட்டுக்கொண்டு மாத்திரையும் போடலாம். ஆனால் அடிப்பதும் சங்கிலி போடுவதும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாட்டி ஓட முடியாமல் இறந்தார்கள். சங்கிலி போடுவதை இன்று சட்டமே தடை செய்திருக்கிறது.

உதவி செய்கிறவருக்கும் தூக்கம் கெடும். பெட்டிமுடியில் மண்ணைத் தோண்டியவர்களும், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் கருகியவர்களைச் சுமந்து இறக்கியவர்களும் நம் ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும்தான். அவர்களிடம் யாரும் ‘நீ எப்படி இருக்கே’ என்று கேட்டதில்லை. கேளுங்கள்.

தோட்ட முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பூட்டுப் போடுகிறீர்கள். மருந்துக்கும் தனியாக ஒரு பூட்டறை கட்டுங்கள். அடித்து மிஞ்சியது அன்று சாயங்காலமே அங்கே திரும்ப வந்துவிட வேண்டும். ஜீப் டிரைவர்களே, வண்டிக்குள் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி 14416 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். போடிமெட்டு ஏறி முடிப்பதற்குள் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அதைத் தன் அம்மாவுக்குச் சொல்லிவிடும்.